ஓடன்-லெ-டீஷ்: இரும்புக்கல்லுக்காக வகுத்த எல்லை இன்று யாருக்கு எதைக் கொடுக்கிறது?

செம்பாறை எழுதியது:

பிரான்சின் வடகிழக்கு மூலையில், லக்ஸம்பர்க் எல்லையை ஒட்டி, ஓடன்-லெ-டீஷ் என்ற சிற்றூர் இருக்கிறது. அதன் மக்கள்தொகை ஏழாயிரத்தை ஒட்டியது. அதற்கு ஒருபுறம் வில்ரூ என்ற ஊர் இடைவெளியே இல்லாமல் தொடர்கிறது. மறுபுறம் லக்ஸம்பர்க்கின் இரண்டாவது பெரிய நகரமான எஷ்-சுர்-அல்செட் கூப்பிடு தூரத்தில் நிற்கிறது. தீல் என்ற கிராமத்தில் ஊற்றெடுக்கும் அல்செட் ஆறு வில்ரூ, ஓடன் இரண்டையும் கடந்து, எஷ் நகருக்குள் நுழைந்து, லக்ஸம்பர்க் தலைநகர் வரைக்கும் போகிறது. ஆலைகள் வந்த காலத்தில் இந்த ஆற்றைப் பல இடங்களில் மூடித் தளம் போட்டுவிட்டதால், ஊருக்குள் நடப்பவர் காலடியில் ஆறு ஓடுவதை உணராமலேயே கடந்து போகலாம்.

இந்தப் பகுதியின் நிலத்தடியில் இருந்தது மினெட் எனப்படும் இரும்புக்கல். அதைத் தோண்டிய சுரங்கங்களில் பிரான்சில் கடைசியாக மூடப்பட்டது ஓடன்-லெ-டீஷில் இருந்த 'தேர் ரூஜ்' சுரங்கம். அது 1997 ஜூலை 31 அன்று மூடப்பட்டது. அந்தச் சுரங்கம் பிரெஞ்சு மண்ணில் இருந்தது. ஆனால் அதை நடத்தியது லக்ஸம்பர்க்கின் அர்பெட் நிறுவனம். அதன் கல் உருகியது எல்லைக்கு அப்பால் இருந்த ஊது உலைகளில். அதே கோடையில் பெல்வாலில் இருந்த லக்ஸம்பர்க்கின் கடைசி ஊது உலையும் அணைக்கப்பட்டது.

இந்த இழையில் நான் பேச விரும்புவது ஒரே கேள்வியைத்தான். ஒரு நூற்றாண்டுக்கு மேலாக இந்த ஊரின் கல் எல்லையைத் தாண்டிப் போனது. இன்று இந்த ஊரின் உழைப்பாளிகள் தினமும் காலையில் அதே எல்லையைத் தாண்டிப் போகிறார்கள். நிலம் உள்வாங்கும் ஆபத்தும், கெட்டுப்போன நிலத்தடி நீரும், பள்ளிக்கூடச் செலவும் மட்டும் எல்லையின் இந்தப் பக்கமே தங்கிவிடுகின்றன. ஆகவே லக்ஸம்பர்க் தன் வருமான வரியில் ஒரு பங்கை இத்தகைய ஊர்களுக்குத் தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இதை மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

ஆவணக்காரர் எழுதியது:

செம்பாறை அவர்களுக்கு வணக்கம். வரிப் பேச்சுக்கு முன்பாக, எல்லை எப்படி அங்கே வந்தது என்பதைச் சொல்லிவிட்டால் விவாதம் தெளிவாகும் என்று நினைக்கிறேன். ஏனென்றால் ஓடன்-லெ-டீஷுக்கு இரண்டு எல்லைகள் உண்டு. ஒன்று லக்ஸம்பர்க்கோடு, இன்னொன்று, இன்று வரைபடத்தில் வெறும் மாவட்டக் கோடாகத் தெரிகிற, வில்ரூவோடு உள்ள எல்லை.

1870-71 போரில் பிரான்ஸ் தோற்ற பிறகு, 1871 மே 10 அன்று ஃபிராங்க்ஃபர்ட் ஒப்பந்தம் கையெழுத்தானது. அதன்படி அல்சாஸ் வட்டாரத்தின் பெரும்பகுதியும், ஓடன் இருக்கும் லொரேன் வட்டாரத்தின் ஒரு பகுதியும் ஜெர்மானியப் பேரரசுக்குப் போயின. பேச்சுவார்த்தையின் போது பெல்ஃபோர் கோட்டையைச் சுற்றிப் பிரான்சுக்குக் கூடுதலாக நிலம் விட்டுக்கொடுக்க ஜெர்மனி முன்வந்தது. அதற்கு ஈடாக லக்ஸம்பர்க் எல்லை நெடுகிலும் ஒரு நிலப்பட்டையைக் கேட்டது. அந்தப் பட்டையில்தான் ஓடன்-லெ-டீஷ், ஓமெஸ், ரெதாஞ்ச் போன்ற ஊர்கள் இருந்தன. பிரஷ்யச் சுரங்கத் துறை அதிகாரியும் நிலவியலாளருமான வில்ஹெல்ம் ஹௌஷ்கோர்ன் இந்தக் கோட்டைத் தீர்மானிப்பதில் ஆலோசனை தந்தவர்களில் ஒருவர். ஓடன் ஜெர்மனிக்குப் போனது. வில்ரூ பிரான்சிலேயே நின்றது. அடுத்தடுத்த தெருக்களில் வாழ்ந்தவர்கள் 1918 வரை இரண்டு நாடுகளின் குடிமக்களாக இருந்தார்கள்.

அந்தக் கோடு இன்னும் அழியவில்லை. 1918-க்குப் பிறகு இழந்த நிலம் பிரான்சுக்குத் திரும்பியது. ஆனால் பழைய மாவட்டங்கள் பழையபடி இணைக்கப்படவில்லை. எனவே ஓடன் மொசெல் மாவட்டத்திலும், வில்ரூ 1871-இல் உருவான மெர்த்-எ-மொசெல் மாவட்டத்திலும் இன்றும் இருக்கின்றன. இதன் விளைவுகள் சட்டத்திலேயே தங்கியிருக்கின்றன. பிரான்ஸ் 1905-இல் அரசையும் மதத்தையும் பிரித்தபோது ஓடன் ஜெர்மனியில் இருந்ததால் அந்தச் சட்டம் அங்கே செல்லுபடியாகவில்லை, பிறகும் செல்லுபடியாக்கப்படவில்லை. ஆகையால் ஓடன் பங்குத்தந்தையின் ஊதியத்தை அரசு கொடுக்கிறது, வில்ரூவில் கொடுப்பதில்லை. டிசம்பர் 26 ஓடனில் அரசு விடுமுறை, வில்ரூவில் வேலைநாள். ஜெர்மனியை ஆண்ட பிஸ்மார்க் காலத்து நோய்க் காப்பீட்டின் வழிவந்த உள்ளூர்க் காப்பீட்டு முறையும் மொசெலில் வேலை செய்கிறவர்களுக்குத் தனியாக நடைமுறையில் இருக்கிறது.

தொழிற்சங்கத்தான் எழுதியது:

ஆக, கல் இருந்த இடமெல்லாம் ஜெர்மனிக்கு, இல்லாத இடம் பிரான்சுக்கு என்று வகுத்துவிட்டார்கள்?

நிலவியல் ஆசிரியை எழுதியது:

தோழர் கேட்பது போலப் பலரும் எழுதுகிறார்கள். உண்மை அதைவிடச் சிக்கலானது. ஜெர்மனியர்கள் கல் வேண்டுமென்று கேட்டது உண்மை. ஆனால் 1871-இல் அந்தக் கல்லின் மதிப்பு இன்று நாம் நினைக்கிற அளவுக்கு இருக்கவில்லை என்பதை மறந்துவிடக் கூடாது.

மினெட் என்பது ஜுராசிக் காலத்துக் கடலடியில், ஏறத்தாழ 17 கோடி ஆண்டுகளுக்கு முன், மீன் முட்டை அளவுள்ள சிறு உருண்டைகளாகப் படிந்த இரும்புக்கல். அதில் இரும்பு பொதுவாக 30 விழுக்காட்டை ஒட்டித்தான் இருக்கும். சுவீடனின் கிருனா கல்லில் 60 விழுக்காட்டுக்கு மேல் உண்டு என்பதோடு ஒப்பிட்டால் மினெட் ஏழைக் கல். அதைவிடப் பெரிய குறை அதிலிருந்த பாஸ்பரஸ். 1856-இல் பெஸ்ஸமர் கண்டுபிடித்த உலை காற்றை ஊதி இரும்பிலிருந்த கரியை எரித்து எஃகாக்கியது. ஆனால் உலையின் உள்பூச்சு அமிலத் தன்மையுள்ள மணற்சத்தால் ஆனதால், பாஸ்பரஸ் வெளியேறாமல் எஃகிலேயே தங்கியது. அப்படிப்பட்ட எஃகு குளிரில் நொறுங்கிவிடும். ஆகவே மினெட்டிலிருந்து வார்ப்பிரும்பும், உழைத்துப் பக்குவப்படுத்திய தேனிரும்பும் மட்டுமே கிடைத்தன. தண்டவாளத்துக்கான மலிவான எஃகு கிடைக்கவில்லை.

இதை மாற்றியவர்கள் சிட்னி கில்கிரிஸ்ட் தாமஸ், பெர்சி கில்கிரிஸ்ட் என்ற உறவினர்களான இரண்டு ஆங்கிலேயர்கள். தாமஸ் லண்டனில் காவல் நீதிமன்றத்தில் எழுத்தராக வேலை பார்த்துக்கொண்டே வேதியியல் படித்தவர். கில்கிரிஸ்ட் வேல்ஸில் இரும்பாலை வேதியியலாளர். உலையின் உள்பூச்சை டோலமைட் என்ற காரத் தன்மையுள்ள கல்லால் செய்து, உருகிய இரும்போடு சுண்ணாம்பையும் சேர்த்தால், பாஸ்பரஸ் சுண்ணாம்போடு கூடிக் கசடாக மேலே வந்துவிடும் என்பதை அவர்கள் நிறுவினார்கள். 1879-இல் இதன் உரிமத்தைப் பெற ஐரோப்பாவின் ஆலை முதலாளிகள் முண்டியடித்தார்கள். லக்ஸம்பர்க்கின் மெட்ஸ் குடும்பத்தாரும், எல்லையின் இருபுறமும் ஆலை வைத்திருந்த தெ வெந்தெல் குடும்பத்தாரும் அந்த ஆண்டிலேயே உரிமம் வாங்கியவர்களில் அடங்குவர். கசடையும் வீணாக்கவில்லை; பாஸ்பரஸ் செறிந்த அந்தக் கசடை அரைத்து வயல்களுக்கு உரமாக விற்றார்கள்.

எல்லையை வகுத்தபோது ஓரளவு மதிப்புள்ளதாக மட்டும் இருந்த கல், எட்டே ஆண்டுகளில் ஐரோப்பாவின் முக்கியமான எஃகு மூலப்பொருளாகிவிட்டது என்பது இதிலிருந்து தெரிகிறது. இன்னொன்றும் உண்டு. ஜெர்மனியர்கள் மலைச்சரிவில் வெளியே தெரிந்த படுகையை வைத்துக் கணக்குப் போட்டார்கள். அந்தப் படுகை மேற்கு நோக்கிச் சரிந்து ஆழத்தில் தொடர்கிறது. 1880-களில் ப்ரியே பகுதியில் துளையிட்டுப் பார்த்தபோது, பிரான்சின் பக்கமே மிகப் பெரிய இருப்பு நிலத்தடியில் இருப்பது தெரிந்தது. 1914-இல் போர் தொடங்கியதும் ஜெர்மனி அந்த ப்ரியே வட்டாரத்தை ஆக்கிரமித்ததற்கும் போர் முழுவதும் விடாமல் வைத்திருந்ததற்கும் இந்தக் கல் ஒரு முக்கியக் காரணம்.

ஆவணக்காரர் எழுதியது:

ஆசிரியை அவர்களின் விளக்கத்துக்கு நன்றி. இதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். லக்ஸம்பர்க் 1842 முதல் 1918 வரை ஜெர்மானியச் சுங்க ஒன்றியத்தில் இருந்தது. ஜெர்மனியின் ரூர் நிலக்கரியிலிருந்து சுட்ட கல்கரி ரயிலில் எஷ்ஷுக்கும் ஓடனுக்கும் வந்தது. வரித் தடை ஏதுமில்லை. இன்று 'லக்ஸம்பர்க் ஆலை' என்று நாம் சொல்லும் பெல்வாலைக் கட்டியதே கெல்சன்கிர்ஷன் என்ற ஜெர்மானிய நிறுவனம்தான். போருக்குப் பின் அதன் ஆலைகளும் சுரங்கங்களும் கைமாறி, பிரெஞ்சு, பெல்ஜிய, லக்ஸம்பர்க் முதலாளிகள் சேர்ந்த 'தேர் ரூஜ்' என்ற நிறுவனத்தின் கீழ் வந்தன. செம்பாறை குறிப்பிட்ட சுரங்கத்தின் பெயர் அந்த வழியில் வந்தது. ஆகவே கல்லையும் உலையையும் ஒரே கை வைத்திருந்தது. அந்தக் கைக்கு எல்லை ஒரு பொருட்டாக இருக்கவில்லை.

தொழிற்சங்கத்தான் எழுதியது:

முதலாளிகளுக்கு எல்லை இல்லை என்பது சரி. தொழிலாளிக்கு இருந்தது. இந்த இழையில் இதுவரை கல்லைப் பற்றிப் பேசினோம். கல்லை வெட்டியவர்களைப் பற்றியும் பேச வேண்டும்.

1890-கள் முதல் வடக்கு, நடு இத்தாலியிலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் இந்தச் சுரங்கங்களுக்கு வந்தார்கள். இரண்டு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் லொரேனுக்குப் போலந்துக்காரர்கள் வந்தார்கள், பிறகு அல்ஜீரியர்கள், லக்ஸம்பர்க் பக்கம் போர்ச்சுகீசியர்கள். வில்ரூவில் 1976 முதல் இத்தாலியத் திரைப்பட விழா நடந்து வருகிறது. பத்தாயிரம் பேர் வாழும் ஒரு முன்னாள் எஃகு ஊரில் அப்படியொரு விழா வேரூன்றி நிற்கக் காரணம், அங்குள்ள பல குடும்பங்களின் தாத்தா பாட்டி அங்கிருந்து வந்தவர்கள் என்பதே. லக்ஸம்பர்க்கின் டூடலாஞ்ச் நகரில் ஆலைக்கும் சுரங்கத்துக்கும் நடுவே 'இத்தாலி' என்று பெயர் பெற்ற ஒரு குடியிருப்பே உண்டு.

நிலக்கரிச் சுரங்கத்தைப் போல இரும்புச் சுரங்கத்தில் வாயு வெடிப்பது அரிது. இங்கே உயிரைக் குடித்தது பெரும்பாலும் கூரைச் சரிவு. சுரங்கப்பாதைகளை அமைத்து, இடையிடையே கல்தூண்களை விட்டுக் குடைந்து போவார்கள். பிறகு திரும்பி வரும்போது அந்தத் தூண்களையும் வெட்டி எடுத்து, கூரையைத் தானாக விழ விடுவார்கள். எங்கே எப்போது விழும் என்பதைக் கூரையைத் தட்டிக் கேட்கும் ஓசையை வைத்துத்தான் அனுபவசாலிகள் கணித்தார்கள். கணிப்பு தவறினால் திரும்பி வர முடியாது. லக்ஸம்பர்க்கின் கைல் ஊரில் 1957-இல் திறக்கப்பட்ட தேசியச் சுரங்கத் தொழிலாளர் நினைவுச்சின்னத்தில் ஏறத்தாழ 1,500 பேரின் பெயர்கள் இருக்கின்றன. நாட்டின் பரப்பு 2,586 சதுர கிலோமீட்டர்தான் என்பதையும், சுரங்கங்கள் இருந்தது அதன் தெற்கு விளிம்பில் மட்டுமே என்பதையும் வைத்து அந்த எண்ணைப் பார்க்க வேண்டும்.

போராடாமலும் அவர்கள் இருக்கவில்லை. 1963-இல் த்ரியூ சுரங்கத்தில் ஆட்குறைப்பு அறிவிக்கப்பட்டபோது தொழிலாளர்கள் சுரங்கத்துக்குள்ளேயே 79 நாட்கள் தங்கியிருந்தார்கள். பெண்கள் மேலே நின்று உணவையும் செய்தியையும் கீழே அனுப்பினார்கள். 1979-இல், லோங்வி எஃகு ஆலைகளில் ஆயிரக்கணக்கான வேலைகளை வெட்டத் திட்டமிட்டபோது, சிஜிடி தொழிற்சங்கம் அரசு அனுமதி இல்லாமல் 'லொரேன் எஃகு இதயம்' என்ற வானொலியை நடத்தியது. ஊர்க்காரர் யார் வேண்டுமானாலும் வந்து பேசினார்கள். அதை அடக்க வந்த காவலர்களை ஊரே எதிர்த்து நின்றது. அந்தப் போராட்டங்கள் ஆலைகளைக் காப்பாற்றவில்லை. ஆனால் ஓடனையும் வில்ரூவையும் இன்றும் ஊராக வைத்திருப்பது சேர்ந்து போராடும் அந்தப் பழக்கம்தான் என்று நான் நம்புகிறேன்.

ஆவணக்காரர் எழுதியது:

தோழர் சொன்னவற்றோடு, பலரும் சொல்லாமல் விட்டுவிடுகிற ஒன்றையும் பதிவு செய்ய வேண்டும். 1944-இல், தீலுக்கு அருகிலுள்ள தியர்ஸ்லே இரும்புச் சுரங்கத்தை நாஜிகள் வி-1 பறக்கும் குண்டுகளுக்கான நிலத்தடித் தொழிற்சாலையாக்க முயன்றார்கள். அதற்காக நாட்ஸ்வைலர் வதைமுகாமின் கிளையொன்றைத் தீலில் அமைத்தார்கள். ஆஷ்விட்ஸிலிருந்து கொண்டுவரப்பட்ட ஹங்கேரிய யூதர்களும் அங்கே அடைக்கப்பட்டிருந்தார்கள். முகாமின் பிண உலை இன்றும் தீலில் ஒரு நினைவு மண்டபத்துக்குள் பாதுகாக்கப்பட்டிருக்கிறது. சுரங்கப் பாரம்பரியம் என்று நாம் பெருமையோடு பேசும் போது இதுவும் அதே சுரங்கத்தின் வரலாறு என்பதைச் சேர்த்தே பேச வேண்டும்.

கணக்காயர் எழுதியது:

அனைவரும் எழுதியதைப் பொறுமையாகப் படித்தேன். வரலாறு மனத்தைத் தொடுகிறது. ஆனால் செம்பாறை அவர்கள் கேட்ட கேள்வி வரியைப் பற்றியது. அதில் எனக்கு மாறுபட்ட கருத்து உண்டு.

முதலாவது, பிரான்சிலிருந்து லக்ஸம்பர்க்குக்குத் தினமும் வேலைக்குப் போகிறவர்கள் ஒரு லட்சத்துக்கும் அதிகம். பிரான்சையும் பெல்ஜியத்தையும் ஜெர்மனியையும் சேர்த்தால் இரண்டு லட்சத்துக்கும் மேல். அவர்கள் வருமான வரியை லக்ஸம்பர்க்கில் கட்டுகிறார்கள் என்பது உண்மை. ஆனால் அவர்கள் வாங்கும் சம்பளம் பிரான்சின் பக்கம் கிடைப்பதைவிடக் கணிசமாகக் கூடுதல். அந்தச் சம்பளம் ஓடனுக்கும் வில்ரூவுக்கும் வீடு வந்து சேர்கிறது, கடைகளில் செலவாகிறது, வீட்டு மதிப்பை உயர்த்துகிறது. ஆலைகள் மூடிய பிறகு இந்த ஊர்கள் ஆளில்லாமல் போகாததற்கு லக்ஸம்பர்க்கின் வங்கிகளும் அலுவலகங்களுமே காரணம்.

இரண்டாவது, 'எங்கள் கல்லை எடுத்தீர்கள், அதனால் கொடுங்கள்' என்ற வாதம் சட்டத்தில் நிற்காது. கல்லுக்கு அனுமதி கொடுத்தது அந்தந்தக் காலத்து அரசு. அந்த வருமானத்தை அது எப்படிச் செலவழித்தது என்பது அதன் பொறுப்பு. இன்றைய லக்ஸம்பர்க் வரி செலுத்துவோரிடம் அந்தப் பழைய கணக்கைக் கொண்டுபோய் நீட்டுவது நியாயமில்லை.

எல்லையோரவாசி எழுதியது:

நான் இந்த வட்டாரத்தில் பிரான்சின் பக்கம் குடியிருந்து, லக்ஸம்பர்க்கில் வேலை செய்கிறேன். ஆகவே கணக்காயர் ஐயா சொல்வதில் பாதியை நான் ஏற்கிறேன். என் வீட்டு அடுப்பு அந்தச் சம்பளத்தில்தான் எரிகிறது. மறு பாதியை மறுக்கிறேன்.

வீட்டு மதிப்பு உயர்வது வீடு வைத்திருப்பவருக்கு நல்லது. ஊரில் தங்கி, ஊரிலேயே பிரெஞ்சுச் சம்பளத்துக்கு வேலை செய்கிற ஆசிரியருக்கோ, முதியோரைப் பார்த்துக்கொள்ளும் பணிப்பெண்ணுக்கோ அது வாடகை உயர்வாக வந்து சேர்கிறது. லொரேனில் அரசுச் செலவில் பயிற்சி பெற்ற செவிலியர்களில் பலர், இரு மடங்கை நெருங்கும் சம்பளத்துக்காக எல்லைக்கு அப்பால் வேலைக்குப் போகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. நானும் அதையேதான் செய்கிறேன். ஆனால் பயிற்சிக்கான செலவை ஒரு நாடு ஏற்கிறது, அதன் பயனை இன்னொரு நாடு பெறுகிறது. எல்லை தாண்டி வேலை செய்கிறவர் முழு வேலையையும் இழந்தால் அவருக்கு உதவித்தொகை தருவது அவர் குடியிருக்கும் நாடு.

ஓடனின் ரயில் நிலையம் இந்த நிலைமையைத் துலக்கமாகக் காட்டுகிறது. அது பிரெஞ்சு மண்ணில் இருக்கிறது. ஆனால் அங்கிருந்து கிளம்பும் பயணிகள் ரயில்கள் லக்ஸம்பர்க் ரயில்வேயுடையவை. அவை எஷ்ஷை நோக்கி மட்டுமே போகின்றன. பிரான்சின் வேறு எந்த ஊருக்கும் அங்கிருந்து ரயிலில் நேராகப் போக வழியில்லை.

கணக்காயர் எழுதியது:

எல்லையோரவாசி சொன்ன செவிலியர் பிரச்சினையை நான் மறுக்கவில்லை. அதற்குத் தீர்வு வரிப் பகிர்வு என்பதில்தான் சந்தேகம். லக்ஸம்பர்க் 2018-இல் பிரான்சோடு செய்துகொண்ட ஏற்பாட்டின்படி ரயில் பாதைகளுக்கும் எல்லையோர வாகன நிறுத்தங்களுக்கும் பணம் தருகிறது. பணத்தைக் கையில் கொடுப்பதைவிட, கூட்டாகத் திட்டம் போட்டுக் கட்டுவது மேல் என்பது அவர்களின் வாதம். அந்த வாதத்தில் பொருள் இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

செம்பாறை எழுதியது:

கணக்காயர் அவர்களுக்கு. நான் கேட்பது புதுமையான ஒன்றல்ல. ஜெனீவா 1973-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி, அங்கே வேலை செய்யும் எல்லையோரப் பிரெஞ்சுத் தொழிலாளரின் மொத்தச் சம்பளத்தில் 3.5 விழுக்காட்டை அண்டை மாவட்டங்களான ஆன், ஒத்-சவுவா இரண்டுக்கும் திருப்பித் தருகிறது. லக்ஸம்பர்க்கே பெல்ஜியத்தின் எல்லையோர ஊராட்சிகளுக்கு ஆண்டுதோறும் ஈட்டுத் தொகை தருகிறது. ஐரோப்பிய மன்றத்தின் உள்ளாட்சிப் பேராயமும் 2019-இல் இத்தகைய பகிர்வு நியாயமானது என்ற பரிந்துரையை ஏற்றுக்கொண்டது. பெல்ஜிய ஊருக்குச் சரி, பிரெஞ்சு ஊருக்குச் சரியல்ல என்பதற்கு என்ன காரணம் இருக்க முடியும்?

கூட்டுத் திட்டங்களைப் பற்றிச் சொன்னீர்கள். அந்த ஏற்பாட்டில் பணம் எந்தத் திட்டத்துக்குப் போகிறது என்பதில் லக்ஸம்பர்க்கின் விருப்பத்துக்கே எடை அதிகம். தன் தொழிலாளர்கள் தாமதமின்றி வந்து சேர்வதற்கான ரயிலும் வாகன நிறுத்தமும் அந்த விருப்பத்தில் முதலில் வருகின்றன. ஓடனின் பள்ளிக்கும் குழந்தைகள் காப்பகத்துக்கும் குடிநீருக்கும் அதில் இடம் குறைவு.

நிலவியல் ஆசிரியை எழுதியது:

குடிநீர் என்ற சொல் வந்ததால் மீண்டும் எழுதுகிறேன். சுரங்கம் இயங்கிய வரைக்கும் உள்ளே ஊறும் நீரை இரவும் பகலும் இறைத்தாக வேண்டும். அந்த நீர் சுத்தமாக இருந்ததால் லொரேனின் பல ஊர்கள் அதையே குடித்தன. சுரங்கம் மூடியதும் இறைப்பானும் நின்றது. காலியான பாதைகள் நிரம்பின. காற்றுப் பட்ட பாறைகளிலிருந்த கந்தகச் சேர்மங்கள் நீரில் கரைந்து, சல்ஃபேட் அளவு குடிக்கத் தகாத அளவுக்கு உயர்ந்தது. நீர் தொடர்ந்து ஓடி ஓடித்தான் அது படிப்படியாகக் குறையும். அதற்குப் பல்லாண்டுகள் ஆகும்.

நிலமும் உட்காருகிறது. லொரேன் ஊர்களான ஒபுவேயில் 1996-இலும் மூத்தியேயில் 1997-இலும் விட்டுவைத்த தூண்கள் தாங்காமல் நிலம் உள்வாங்கி, நூற்றுக்கணக்கான குடும்பங்கள் வீட்டை இழந்தன. அந்த வீடுகளில் பலவும் சுரங்க நிறுவனங்களே தொழிலாளருக்குக் கட்டி, பிறகு விற்றவை. விற்பனைப் பத்திரத்தில் 'நிலம் சரிந்தால் நிறுவனம் பொறுப்பில்லை' என்ற வாசகம் இருந்ததால், இழப்பீடு கேட்டவர்களிடம் முதலில் கைவிரித்துவிட்டார்கள். 1999 மார்ச்சில் நாடாளுமன்றம் சுரங்கச் சட்டத்தைத் திருத்தி, நிறுவனம் இல்லாமல் போனாலும் அரசே பொறுப்பேற்கும் என்று ஆக்கிய பிறகே அவர்களுக்கு வழி பிறந்தது. இன்றும் இந்த வட்டாரத்தில் வீடு கட்டும் முன் நிலத்தடி வரைபடத்தைப் பார்த்தாக வேண்டும். சில மனைகளில் கட்டவே அனுமதி கிடையாது.

எனவே கணக்காயர் அவர்கள் 'பழைய கணக்கு' என்று சொல்வதை நான் ஏற்க முடியாது. தூண்கள் இன்னும் கீழே நிற்கின்றன. சுமை இன்னும் மேலே இருக்கிறது.

கணக்காயர் எழுதியது:

நில உள்வாங்கலுக்கு அரசு சட்டப்படி பொறுப்பேற்றிருக்கிறது என்றால், அது பிரெஞ்சு அரசின் கடமை என்றுதானே பொருள்? ஆசிரியை அவர்களின் தகவல் என் வாதத்தையே வலுப்படுத்துகிறது. பாரிஸ் செய்ய வேண்டியதைச் செய்யாமல் லக்ஸம்பர்க்கைக் கைகாட்டுவது எளிது. பெல்ஜியம் பேச்சுவார்த்தையில் கேட்டு வாங்கியது. பிரெஞ்சு அரசு 2018-இல் கேட்காமலே விட்டுவிட்டது. அந்த வகையில் செம்பாறை அவர்களின் கோபம் போக வேண்டிய முகவரி பாரிஸ்.

செம்பாறை எழுதியது:

அந்தக் கடைசிப் பகுதியில் உங்களோடு முழுமையாக உடன்படுகிறேன். பாரிஸ் கேட்காததால்தான் கிடைக்கவில்லை. மெட்ஸ் நகரின் மேயராக இருந்த டொமினிக் க்ரோ போன்றவர்கள் குரல் எழுப்பினார்கள். நடு அரசு அதைத் தன் கொள்கையாக ஏற்கவில்லை. ஆனால் கேட்காமல் விட்டது பாரிஸின் பிழை என்பதால், கேட்பதற்கான நியாயம் குறைந்துவிடாது. நில உள்வாங்கலையும் நீரையும் பாரிஸின் கணக்கில் வைப்போம். அன்றாடப் பள்ளி, காப்பகம், சாலைச் செலவை வரிப் பகிர்வில் வைப்போம். இப்படிப் பிரித்தால் உங்களுக்கு மறுப்பு இருக்கிறதா?

கணக்காயர் எழுதியது:

இப்படிப் பிரித்துக் கேட்டால் என் மறுப்பு பெரிதும் குறைகிறது. தொகை நேராக ஊராட்சிகளுக்கே போக வேண்டும், பாரிஸின் பொதுக் கருவூலத்துக்குள் கலந்துவிடக் கூடாது என்பதை மட்டும் நிபந்தனையாக வைப்பேன். பெல்ஜிய ஏற்பாட்டில் ஊராட்சிகள் பயன்பெறுவது அந்தக் காரணத்தால்தான்.

தொழிற்சங்கத்தான் எழுதியது:

எல்லையோரவாசி அவர்களிடம் ஒரு கேள்வி. அடுத்த ஆண்டு கோடையில் அந்தப் பக்கம் வர எண்ணியிருக்கிறேன். சுரங்கங்களில் எதைப் பார்க்கலாம்?

எல்லையோரவாசி எழுதியது:

தோழர் வருவது மகிழ்ச்சி. லொரேன் இரும்புச் சுரங்க அருங்காட்சியகத்துக்கு இரண்டு இடங்கள் உண்டு. நெஷெஃபில் மலைச்சரிவிலிருந்து நேராக உள்ளே நடந்து போகும் சுரங்கம். ஓமெஸில் செங்குத்தாக இறங்கும் சுரங்கத்தின் இரும்புக் கோபுரமும் இயந்திரங்களும். இரண்டையும் பார்த்தால்தான் ஆசிரியை சொன்ன படுகையின் சரிவு புரியும்: மலையோரத்தில் நடந்து போய் எடுத்த கல்லை, சில மைல் தள்ளி ஆழத்தில் இறங்கி எடுக்க வேண்டியிருந்தது.

லக்ஸம்பர்க் பக்கம் ரூமலாஞ்சில் தேசியச் சுரங்க அருங்காட்சியகம் இருக்கிறது. உள்ளே சிறு ரயிலில் அழைத்துப் போவார்கள். வெளியே கோடை எவ்வளவு சுட்டாலும் சுரங்கத்துக்குள் குளிர் பத்துப் பாகையை ஒட்டியே இருக்கும், கம்பளிச் சட்டை அவசியம். ஃபோன்-த-க்ராவிலிருந்து கிளம்பும் பழைய சுரங்க ரயில் லசோவாஜைக் கடந்து, குகைவழியாக எல்லையைத் தாண்டிப் பிரான்சிலுள்ள சோல்ன் ஊருக்கு வருகிறது. பெல்வாலில் இரண்டு ஊது உலைகளை அப்படியே நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அவற்றைச் சுற்றி லக்ஸம்பர்க் பல்கலைக்கழகம் 2015 முதல் இயங்குகிறது. மூன்றாவது உலையை 1990-களில் கழற்றிச் சீனாவுக்கு விற்றுவிட்டார்கள்.

திறந்தவெளிச் சுரங்கங்களாக இருந்த செம்பாறைச் சரிவுகளில் இப்போது ஆர்க்கிட் மலர்கள் பூக்கின்றன. கைவிடப்பட்ட பாதைகளில் வௌவால்கள் குளிர்காலத்தைக் கழிக்கின்றன. அதனால் பழைய வாய்களில் பலவற்றை வௌவால் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்ட கம்பிக் கதவால் அடைத்திருக்கிறார்கள். லக்ஸம்பர்க்கின் இந்தத் தெற்கு வட்டாரத்தை 2020-இல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. காப்பகம் எல்லைக் கோட்டோடு நின்றுவிடுகிறது. அதே பாறையும் அதே மலரும் அதே வௌவாலும் ஓடன் பக்கமும் இருக்கின்றன. கணக்காயர் ஐயாவும் செம்பாறை அவர்களும் ஒத்துக்கொண்ட பட்டியலில் இதையும் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்: அந்தப் பக்கத்துச் சரிவுகளைப் பராமரிக்கும் பொறுப்பும் ஒரு சிற்றூரின் நிதியிலேயே இருக்கிறது.